தமிழில் பிழையில்லாமல் எழுத: எதை முதலில் திருத்துவது, எதைக் கடைசியில் திருத்துவது

பல ஆண்டுகளாக மெய்ப்புப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வருபவர்களிடம் ஒரு கட்டுரையைக் கொடுத்துத் திருத்தச் சொன்னால், பெரும்பாலானோர் முதல் வரியிலிருந்தே ஒற்றுப் போடத் தொடங்குகிறார்கள். ஒற்று என்பது, ‘அந்தப் பையன்’ என்பதில் இரண்டு சொற்களுக்கு நடுவே வரும் ‘ப்’ போன்ற புள்ளி எழுத்து. இரண்டு பக்கம் தாண்டியதும் ஒரு வாக்கியம் நீளமாகத் தெரிகிறது, அதை உடைக்கிறார்கள். சொற்கள் இடம் மாறுகின்றன. பாடுபட்டுப் போட்ட ஒற்றுகள் இப்போது தப்பான இடத்தில் நிற்கின்றன.

ஒரு சொல்லின் முடிவில் ஒற்று வருமா வராதா என்பது அடுத்து வரும் சொல்லையும் பொறுத்தது. நடுவில் காற்புள்ளி வந்தால் ஒற்றுக்கு வேலையே இல்லை. ‘ஓர் அழகிய கிராமம்’ என்பதில் ‘அழகிய’ வேண்டாம் என்று அடித்தால் ‘ஓர் கிராமம்’ மிஞ்சும். உயிரெழுத்துக்கு முன் ‘ஓர்’, மற்ற எழுத்துகளுக்கு முன் ‘ஒரு’ என்பதால் அதையும் மாற்ற வேண்டும். ஒரு சொல்லை எடுத்தால் பக்கத்துச் சொல்லும் அசைகிறது. ஆகவே அதிகம் அசையக்கூடியதை முதலில் முடித்துவிட்டு, ஒற்றைக் கடைசிக்கு வையுங்கள். நான் பின்பற்றும் வரிசை இதுதான்.

1. உட்காரும் முன் தேவைப்படுபவை

ஓர் இரவு இடைவெளி வேண்டும். எழுதிய அன்றே திருத்த உட்கார்ந்தால், கண் தாளில் இருப்பதைப் படிக்காது. மனத்தில் இருப்பதைப் படிக்கும். விட்டுப்போன சொல்லைக்கூட இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தாண்டிவிடுவோம்.

ஓர் அகராதி வேண்டும். இன்றைய வழக்குக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி போதும். பழைய சொற்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனை இணையத்திலேயே தேடலாம்.

மூன்றாவதாக ஒரு முடிவுத்தாள். ‘வாழ்த்துகள்’ என்பதா ‘வாழ்த்துக்கள்’ என்பதா, ‘கறுப்பு’ என்பதா ‘கருப்பு’ என்பதா, ‘1967இல்’ என்பதா ‘1967-ல்’ என்பதா? இவற்றில் இரண்டு பக்கமும் வாதிடுபவர்கள் உண்டு. நான் ‘வாழ்த்துகள்’, ‘கறுப்பு’, ‘1967இல்’ என்று எழுதுகிறேன். நீங்கள் வேறு மாதிரி முடிவெடுக்கலாம். ஆனால் ஒரே கட்டுரையில் இரண்டும் வரக் கூடாது. படிப்பவர் அதை விதியின் சிக்கலாகப் பார்க்க மாட்டார், கவனக்குறைவாகத்தான் பார்ப்பார். முடிவை எழுதி மேசையில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவழியில் யோசித்தால் முதல் பக்கத்தில் ஒன்றும் நான்காம் பக்கத்தில் வேறொன்றுமாகப் போகும்.

2. கண்ணை ஏமாற்றும் எழுத்துகள்

இது எழுத்துப் பிழை இல்லை, தட்டச்சுப் பிழை. இதை முதலில் முடிப்பதற்குக் காரணம் உண்டு: பின்னால் ஒரு சொல்லைத் தேடி மாற்றும்போது, இந்தப் பிழை உள்ள சொற்கள் தேடலில் அகப்படாது.

‘அவர்கள்’ என்ற சொல்லில் ‘ர்’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் (‘கா’ என்பதில் ‘க’வுக்குப் பின் வரும் குறி) போட்டு, அதன் தலையில் புள்ளி வைத்து ‘அவா்கள்’ என்று எழுதியிருப்பார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது. செய்தித் தளங்களில்கூட இதைப் பார்க்கிறேன். தேடும் பெட்டியில் புள்ளி வைத்த துணைக்காலை ஒட்டி, எல்லாவற்றையும் ‘ர்’ என்று மாற்றிவிடலாம். துணைக்காலின் மேல் புள்ளி வரும் சொல் தமிழில் கிடையாது, அதனால் பயமில்லை.

‘ஔவையார்’ என்பதில் உள்ள ‘ஔ’ ஒரே எழுத்து. ‘ஒ’, ‘ள’ என்று இரண்டு எழுத்துகளாக அடித்தால் அது ‘ஒளவையார்’ ஆகிவிடும். இதை மொத்தமாக மாற்றக் கூடாது. மாற்றினால் ‘ஒளி’யும் சேர்ந்து கெடும். ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அப்படியே ‘எ’ வர வேண்டிய இடத்தில் ஏழைக் குறிக்கும் தமிழ் எண் ‘௭’ உட்கார்ந்திருக்கிறதா என்றும் ஒருமுறை தேடுங்கள்.

3. வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிடியுங்கள்

தமிழில் வினை கடைசியில் வருகிறது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் பத்துச் சொற்கள் வந்தால், வினைக்கு வந்து சேர்வதற்குள் எழுவாய் ஒருமையா பன்மையா என்பதே மறந்துபோகும். ஆகவே வினையை முதலில் பாருங்கள். ‘யார்?’ அல்லது ‘எது?’ என்று கேட்டுக்கொண்டு பின்னோக்கிப் போங்கள்.

‘ஏரியைச் சுற்றியுள்ள வீடுகளின் கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து பல மாதங்களாகியும் சரிசெய்யப்படாமல் கிடக்கிறது.’ கிடப்பது எது? குழாய்கள். அப்படியென்றால் ‘கிடக்கின்றன’. முன்னாலிருந்து படித்த மூன்று பேர் இந்த வாக்கியத்தைச் சரி என்று விட்டதை நானே பார்த்திருக்கிறேன். பேச்சில் ‘மாடுகள் மேயுது’ என்போம். அந்தப் பழக்கம் எழுத்திலும் நுழைந்துவிடுகிறது.

‘ஒவ்வொரு’ என்று தொடங்கினால் ஒருமைதான்: ‘ஒவ்வொரு மாணவரும்’. ‘ஒவ்வொரு மாணவர்களும்’ தவறு. ‘அவை’ என்பதே பன்மை. ‘அவைகள்’ வேண்டாம், ‘அவைகளில்’ என்பதற்கு ‘அவற்றில்’ என்று எழுதுங்கள்.

அடுத்து, ‘செய்து’, ‘திறந்து’ என்று முடியாமல் நின்று இன்னொரு வினையை எதிர்பார்க்கும் எச்சங்கள். பேசும்போது நாம் கவலைப்படாத இடம் இது. எழுத்தில் நிறைய இடறல் இங்கேதான். ‘கதவைத் திறந்து பூனை ஓடிவிட்டது.’ எழுதியவர் சொல்ல நினைத்தது, தான் கதவைத் திறந்தபோது பூனை ஓடியது என்பதை. வாக்கியம் சொல்வதோ, பூனையே கதவைத் திறந்தது என்று. எச்சத்தையும் வினையையும் செய்பவர் ஒருவராக இல்லாவிட்டால் ‘திறந்ததும்’, ‘திறந்தபோது’, ‘திறந்ததால்’ என்று மாற்ற வேண்டும். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ போன்றவை மரபிலேயே ஏற்கப்பட்டவை. அவற்றைத் தொட வேண்டாம். எச்சத்தின் வேலையைச் செய்தது யார் என்று கேட்டுப் பாருங்கள். தப்பான ஆள் கிடைத்தால் திருத்துங்கள்.

‘நேற்று இறந்த ஆசிரியரின் மகன் எழுதிய கடிதம்’ என்பதையும் பாருங்கள். இறந்தது ஆசிரியரா, மகனா? நேற்று நடந்தது இறப்பா, கடிதம் எழுதியதா? எந்த விதியும் மீறப்படவில்லை, ஆனாலும் புரியவில்லை. இப்படி ‘இறந்த’, ‘எழுதிய’ போன்ற பெயரெச்சங்கள் அடுக்கி வந்தால் காற்புள்ளி போட்டுக் காப்பாற்ற முயலாதீர்கள். உடையுங்கள்: ‘ஆசிரியர் நேற்று இறந்தார். அவருடைய மகன் எழுதிய கடிதம்…’

4. சரியான எழுத்தில் வந்த தப்பான சொல்

புகையிலை எதிர்ப்புச் சுவரொட்டி ஒன்று அச்சுக்குப் போகும் முன் என்னிடம் வந்தது. பெரிய எழுத்தில் ‘புகைப்பழக்கத்தை ஒளிப்போம்’ என்றிருந்தது. அதாவது, மறைத்து வைப்போம். ‘ஒழிப்போம்’ என்று இருக்க வேண்டும். திருத்தும் கருவிகள் பெரும்பாலும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் ‘ஒளிப்போம்’ என்பதும் நல்ல தமிழ்ச் சொல்தான். வேட்டியில் இருப்பது கரையா, கறையா என்பதும் இப்படித்தான்: கரை என்றால் ஓரத்துப் பட்டை, கறை என்றால் அழுக்கு. இரண்டு வாக்கியமும் பொருள் தரும்.

இந்த மாதிரிச் சொற்களைக் கண்ணால் திருத்த முடியாது. ல, ள, ழ மூன்றையும் ர, ற இரண்டையும் வேறுபடுத்தி வாய்விட்டுப் படிக்க வேண்டும். இவற்றை ஒன்றுபோல உச்சரிப்பவர்கள், எந்தச் சொற்களில் தடுமாறுகிறோம் என்று ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு, அவற்றை மட்டும் ஒவ்வொரு முறையும் தேடிப் பார்த்தால் போதும்.

சில பிழைகளுக்குக் காரணம் தெரிந்தால் மறுபடி வராது. ‘ட்’, ‘ற்’ இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி எழுத்து வராது. அதனால் ‘முயற்ச்சி’, ‘பயிற்ச்சி’, ‘கட்ச்சி’, ‘அதற்க்கு’, ‘எதற்க்காக’ எல்லாமே தவறு. ‘முயற்சி’, ‘பயிற்சி’, ‘கட்சி’, ‘அதற்கு’, ‘எதற்காக’ என்பவை சரி. ‘வளர்ச்சி’, ‘மகிழ்ச்சி’ என்று எழுதிப் பழகிய கைதான் இங்கேயும் ஒரு ‘ச்’ சேர்த்துவிடுகிறது. ‘ர்’, ‘ழ்’ இரண்டும் பின்னால் ஒற்றை ஏற்கும். ‘ட்’, ‘ற்’ ஏற்காது.

‘சுவற்றில் எழுதாதீர்’ என்று சுவரிலேயே எழுதியிருக்கும். கிணறு ‘கிணற்றில்’ ஆகும், ஆறு ‘ஆற்றில்’ ஆகும். ‘று’ என்று முடிவதால் அப்படி. இது சுவர், ஆகவே ‘சுவரில்’. ‘முன்னூறு’ என்றால் முன்னால் உள்ள நூறு. எண்ணிக்கை என்றால் ‘முந்நூறு’. ‘வென்னீர்’ இல்லை, ‘வெந்நீர்’. ‘பதட்டம்’ இல்லை, ‘பதற்றம்’. பூவைக் ‘கோர்த்து’ என்று எழுதுகிறார்கள். வினை ‘கோ’ என்பதால் ‘கோத்து’. ‘அருகாமையில்’ என்பதற்கு ‘அருகில்’ போதும். கல்லாமை என்றால் கல்லாதது என்பதுபோல, அருகாமை என்றால் நெருங்காதது என்று ஆகிவிடும்.

5. எங்கே சேர்ப்பது, எங்கே பிரிப்பது

பலரும் இந்தப் படியையே மறந்துவிடுகிறார்கள். ‘போய்விட்டான்’ என்று சேர்த்தால், போனது முடிந்துவிட்டது என்று பொருள். ‘தம்பியைப் பள்ளியில் போய் விட்டான்’ என்று பிரித்தால், போனான், விட்டான் என்று இரண்டு செயல். விடு, கொள், இரு, போடு போன்ற வினைகள் தம் சொந்தப் பொருளை இழந்து முன் வினைக்குத் துணையாக நிற்கும்போது சேர்த்து எழுதுங்கள். தாமே ஒரு செயலைச் சொல்லும்போது பிரியுங்கள்.

‘தான்’ என்ற சொல்லைக் கிட்டத்தில் வைத்துப் பாருங்கள். ‘கண்ணன்தான் வந்ததாகச் சொன்னான்’: யாரோ வந்ததாகச் சொன்னவன் கண்ணன், வேறு ஆள் இல்லை. ‘கண்ணன் தான் வந்ததாகச் சொன்னான்’: வந்தவனும் கண்ணன். ஒரு வெற்றிடம் வந்தவனையே மாற்றிவிடுகிறது. அழுத்தம் தரும் ‘தான்’ எப்போதும் முன்சொல்லோடு ஒட்டி நிற்கட்டும்.

‘வந்தபோது’, ‘சொன்னபடி’, ‘அதைவிட’, ‘அவன்கூட’ ஆகியவற்றையும் சேர்த்தே எழுதுங்கள். இதை இப்போதே முடிப்பது ஏன் என்றால், ஒற்றுப் பார்க்கும்போது எது சொல்லின் முடிவு என்று தெளிவாகத் தெரிய வேண்டும்.

6. நிறுத்தற்குறிகள்

குறிக்கு முன் வெற்றிடம் கூடாது, பின்னால் கட்டாயம் வேண்டும். முன்னால் இடம் விட்டால் முற்றுப்புள்ளி மட்டும் தனியாக அடுத்த வரிக்குப் போய்விடும்.

அதிகம் பார்க்கும் பிழை, கேள்விக்குறி. ‘எப்போது வருவாய் என்று அம்மா கேட்டார்?’ இங்கே கேள்வி கேட்டவர் அம்மா. வாக்கியம் கேள்வி இல்லை, செய்தி. முற்றுப்புள்ளிதான் வேண்டும். மேற்கோளில் அடைத்தால் கேள்விக்குறி உள்ளே போகும்: “எப்போது வருவாய்?” என்று அம்மா கேட்டார்.

விளித்துப் பேசினால் காற்புள்ளி தேவை. ‘அக்கா பணம் கொடுத்தாள்’ என்றால் கொடுத்தவள் அக்கா. ‘அக்கா, பணம் கொடுத்தாள்’ என்றால் அக்காவிடம் வேறொருத்தியைப் பற்றிச் சொல்கிறோம்.

அடுக்கும்போது ‘உம்’ வந்தால் காற்புள்ளி வேண்டாம்: ‘அரிசியும் பருப்பும் எண்ணெயும் வாங்கினேன்’. அந்த ‘உம்’ ஏற்கெனவே காற்புள்ளியின் வேலையைச் செய்துவிட்டது. ‘உம்’ இல்லாவிட்டால் காற்புள்ளி போடுங்கள். ஆனால் ‘ஆகிய’ என்ற சொல்லுக்கு முன் போடாதீர்கள்: ‘மதுரை, திருச்சி, கோவை ஆகிய ஊர்களில்’. சொன்னவை மட்டும்தான் என்றால் ‘ஆகிய’. இன்னும் இருக்கின்றன என்றால் ‘முதலிய’. மூன்று ஊர்களை மட்டும் சொல்ல நினைத்து ‘முதலிய’ என்று எழுதினால், படிப்பவர் நான்காவதைத் தேடுவார்.

7. கடைசியாக, ஒற்று

ஒற்று மிகுவது க, ச, த, ப வரிசை எழுத்துகளில் தொடங்கும் சொற்களுக்கு முன்னால் மட்டும்தான். ஆகவே எல்லாச் சொற்களையும் பார்க்காதீர்கள். இந்த நான்கில் தொடங்கும் சொல்லைக் கண்டதும் நின்று, அதற்கு முந்தைய சொல் எப்படி முடிகிறது என்று பாருங்கள். வேலை பாதியாகக் குறையும்.

முதலில், சந்தேகமே இல்லாமல் மிகும் இடங்கள். ‘ஐ’ உருபுக்குப் பின்: ‘பாலைக் குடித்தான்’. ‘கு’ உருபுக்குப் பின்: ‘கடைக்குப் போனாள்’. ‘அந்த, இந்த, எந்த, அப்படி, இப்படி, எப்படி’ என்பவற்றுக்குப் பின்: ‘அந்தப் பையன்’. ‘ஆக’, ‘என’, ‘போல’, ‘வர’, ‘பார்க்க’ என்று அகரத்தில் முடியும் வினையெச்சங்களுக்குப் பின்: ‘நன்றாகப் பாடினாள்’, ‘வரச் சொன்னார்’. ‘தேடி’, ‘ஓடி’, ‘போய்’ போன்ற எச்சங்களுக்குப் பின்: ‘தேடிப் பார்த்தேன்’. வரும் ஒற்றுகளில் பெரும்பகுதி இவைதான். இவை கைக்குள் வந்த பிறகு மற்ற விதிகளுக்குப் போகலாம்.

அடுத்து, உகரத்தில் முடியும் எச்சங்கள். ‘படித்துப் பார்த்தான்’ என்பதில் ஒற்று உண்டு, ‘வந்து பார்த்தான்’ என்பதில் இல்லை. கடைசி எழுத்துக்கு முன்னால் உள்ள புள்ளி எழுத்தைப் பாருங்கள். அது க், ட், த், ற் போன்ற வல்லினமாக இருந்தால் மிகும்: எடுத்து, கேட்டு, விற்று. மெல்லினமாக இருந்தால் மிகாது: நடந்து, உண்டு, நின்று. ‘செய்து’, ‘அழுது’ போன்றவற்றிலும் மிகாது. ‘எனச் சொன்னார்’ என்பதில் ஒற்று வர, ‘என்று சொன்னார்’ என்பதில் வராததற்குக் காரணமும் இதுதான்.

புதியவர்கள் அதிகம் விழும் பள்ளம் ‘ஐ’. ஐகாரத்தில் முடிந்தாலே ஒற்று என்று நினைத்து ‘மழைப் பெய்தது’ என்று எழுதிவிடுகிறார்கள். பெய்வது மழை, அது எழுவாய், எழுவாய்க்குப் பின் இப்படி மிகாது. ‘மழைக்காலம்’ என்று இரண்டு பெயர்கள் சேர்ந்து ஒரு பெயரானால் மிகும். அந்த ‘ஐ’ உருபா இல்லையா என்று அறிய, அதை எடுத்துவிட்டுப் பாருங்கள். ‘பாலை’ என்பதில் எடுத்தால் ‘பால்’ நிற்கிறது, அது உருபு. ‘மழை’ என்பதில் எடுத்தால் சொல்லே மிஞ்சாது, அது உருபு இல்லை. ‘வேலை’ போன்ற சில சொற்களில் இரண்டும் பொருந்தும்: ‘வேலை தேடினான்’ என்றால் பிழைப்புக்கு வழி தேடினான், ‘வேலைத் தேடினான்’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேல் போன்ற ஒன்றைத் தேடினான்.

மிகாத இடங்களும் அதே அளவு முக்கியம். பெயரெச்சத்துக்குப் பின் மிகாது: ‘வந்த பையன்’, ‘பெரிய தெரு’. ‘தந்த பலகை’ என்றால் யாரோ கொடுத்த பலகை. ஒற்றுச் சேர்த்துத் ‘தந்தப் பலகை’ என்றால் யானைத் தந்தத்தில் செய்தது. அது, இது, எது, பல, சில என்பவற்றுக்குப் பின் மிகாது. ஒரு, இரண்டு, மூன்று என்று வரும் எண்களுக்குப் பின் மிகாது: ‘ஏழு கடல்’. எட்டு, பத்து இரண்டுக்கும் மட்டும் மிகும்: ‘பத்துப் பாட்டு’. ‘ஓடு’, ‘உடைய’ உருபுகளுக்குப் பின் மிகாது. ‘ஊறுகாய்’, ‘சுடுசோறு’ போன்ற வினைத்தொகையிலும், ‘வெற்றிலை பாக்கு’ போல ‘உம்’ மறைந்து நிற்கும் இடத்திலும் மிகாது.

காற்புள்ளிக்கு முன் ஒற்றுப் போடாதீர்கள். ‘இதைக், கட்டாயம் படியுங்கள்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஒற்று என்பது இரண்டு சொற்களை நிறுத்தாமல் சேர்த்துச் சொல்லும்போது பிறக்கும் ஒலி. நிறுத்திய பிறகு அது பிறக்க வழியில்லை. நிறுத்தற்குறிகளை இதற்கு முன்பே முடிக்கச் சொன்னதும் இதனால்தான்.

சந்தேகம் வந்தால் புதியவர்கள் ஒற்றைப் போட்டுவிடுகிறார்கள், பாதுகாப்பு என்று நினைத்து. நான் அவர்களிடம் சொல்வது: விதி நினைவுக்கு வராவிட்டால், இரண்டு சொற்களையும் நிறுத்தாமல் இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். ‘அந்தப் பையன்’ என்னும்போது உதடு தானாக அழுந்தும். ‘வந்த பையன்’ என்னும்போது அழுந்தாது. தமிழ் பேசி வளர்ந்தவர்களுக்குக் காது பெரும்பாலும் சரியாகவே சொல்லும். அதன் பிறகும் தெரியாவிட்டால் போடாமல் விட்டு, ஓரத்தில் குறித்துவைத்து, பிறகு பாருங்கள்.

8. கருவியும் காகிதமும்

எல்லாம் முடிந்த பிறகு வாணி, நாவி ஆகிய இணையக் கருவிகளில் ஒருமுறை போடுங்கள். வாணி எழுத்துப் பிழையைக் காட்டும். நாவி சந்திப் பிழையை, அதாவது ஒற்றுப் பிழையைக் காட்டும். களைப்பில் விட்டவை இங்கே கிடைக்கும். ஆனால் காட்டுவதையெல்லாம் அப்படியே ஏற்காதீர்கள். நீங்கள் எழுதியது பிழைப்புக்கான வேலையா, முருகனின் வேலா என்று கருவிக்குத் தெரியாது. ஆள் பெயர்களையும் நிறுவனப் பெயர்களையும் அவர்கள் எழுதுகிற மாதிரியே விடுங்கள், ஒற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

அப்புறம், அச்செடுத்துப் பாருங்கள். வரிக்கு வரி நல்ல இடைவெளி விட்டு அச்செடுத்து, கடைசிப் பத்தியிலிருந்து முதல் பத்தியை நோக்கிப் படியுங்கள். கதையின் ஓட்டத்தில் கண் வழுக்கிப்போகாது, ஒவ்வொரு வாக்கியமும் தனியாக நிற்கும். தலைப்பையும் படத்துக்குக் கீழ் உள்ள வரியையும் தனியாக, விரல் வைத்துப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருப்பது சரியாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் தாண்டிப் போகிற இடம் அது. ‘ஒளிப்போம்’ இருந்ததும் அங்கேதான்.